குளிர்காலத்தில் கோழிக்கூட்டுக்கு விளக்கு: போடலாமா, வேண்டாமா, போட்டால் எது?

செப்டம்பர் கடைசியில் இந்தக் கேள்வி கிளம்பிவிடும். "கோழிகள் நன்றாகத்தான் இருக்கின்றன, தீவனமும் தின்கின்றன, முட்டையைத்தான் காணோம். கூட்டுக்குள் ஒரு பல்பு போட்டால் சரியாகிவிடுமாமே?" லண்டன், லெஸ்டர், பர்மிங்காம் பக்கம் வீட்டுக்குப் பின்னால் நாலைந்து கோழி வளர்க்கும் நம்மவர்கள் ஆளாளுக்கு ஒரு பதிலைக் கேட்டுவிட்டுக் குழம்பிப்போய் நிற்கிறார்கள். பல்பு போடு என்று ஒருவர், சோலார் விளக்கு வாங்கு என்று இன்னொருவர், பாவம் அதுகளை விட்டுவிடு என்று மூன்றாமவர்.

பல்பு போட்டால் முட்டை வரும், அதில் சந்தேகமில்லை. ஆனால் பல்பு போடுவது ஒருநாள் வேலை அல்ல. ஆரம்பித்துவிட்டால் வசந்தம் வரும்வரை ஒருநாள்கூடத் தவறாமல் நடத்த வேண்டும். அது நம்மால் ஆகுமா என்பதுதான் முதல் கேள்வி. எந்த விளக்கு என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

முட்டை ஏன் நிற்கிறது

பலரும் குளிரைத்தான் குற்றம் சொல்கிறார்கள். உண்மையில் குறைவது வெளிச்சம். பெட்டைக்கோழி நன்றாக முட்டையிட நாளுக்கு 14 முதல் 16 மணி நேர வெளிச்சம் வேண்டும். 12 மணி நேரத்துக்குக் கீழே இறங்கினால் பெரும்பாலான கோழிகள் தளரத் தொடங்கும். லண்டனில் ஆகஸ்ட் கடைசியிலேயே பகல் 14 மணி நேரத்துக்குக் கீழே போய்விடுகிறது. டிசம்பர் 21 அன்று சூரியன் காலை எட்டு மணிக்கு மேல் உதித்து மாலை நாலுக்கு முன்னால் மறைந்துவிடும். மொத்தப் பகல் ஏழே முக்கால் மணி நேரத்துக்குச் சற்று மேல். எடின்பரோவில் ஏழு மணி நேரம்தான்.

ஊரில் அம்மாவோ பாட்டியோ நாட்டுக்கோழி வளர்த்தபோது இந்தப் பேச்சே எழாததற்குக் காரணமும் இதுதான். சென்னையில் வருடத்தின் மிகக் குறுகிய பகலே 11 மணி நேரத்துக்கு மேல். மிக நீண்ட பகலுக்கும் அதற்கும் ஒன்றரை மணி நேர வித்தியாசம்தான். அங்கே கோழி முட்டையை நிறுத்தினால் பெரும்பாலும் அடைக்கு உட்கார்ந்திருக்கும். அங்கேகூட நாமக்கல் பண்ணைகளில் 16 மணி நேர வெளிச்சக் கணக்கு வைத்து விளக்கு எரிக்கிறார்கள். வீட்டு முற்றத்துக்கு அது தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

கோழி இந்த வெளிச்சத்தைக் கண்ணால் மட்டும் அறிவதில்லை. 1930களில் ழாக் பெனுவா என்ற பிரெஞ்சு அறிவியலாளர் வாத்துகளிடம் செய்த சோதனைகளில், பார்வை இல்லாதபோதும் பறவையின் இனப்பெருக்க உறுப்புகள் வெளிச்சத்துக்கு வளர்ச்சி காட்டுவதைக் கண்டார். வெளிச்சம் மண்டையோட்டைத் தாண்டி மூளையின் அடியிலுள்ள ஹைப்போதலாமஸைத் தொடுகிறது. அங்கிருந்து கிளம்பும் ஹார்மோன்கள்தான் சூலகத்தை இயக்குகின்றன. சிவப்பு அலைநீளம் எலும்பையும் தசையையும் எளிதாகத் துளைக்கும். அதனால்தான் நீல வெளுப்பு அடிக்கும் பல்பைவிட மஞ்சள் கலந்த 'வார்ம் ஒயிட்' பல்பு கோழிக்கூட்டுக்குப் பொருந்துகிறது.

எதை வைத்து முடிவு செய்வது

முதலில் கோழியின் வயதையும் இனத்தையும் பாருங்கள். இந்த வசந்தத்தில் பொரித்த இளம்பெட்டை, விளக்கே இல்லாமல் முதல் குளிர்காலம் முழுக்க முட்டையிடக்கூடும். லோமன் பிரவுன் போன்ற கலப்பினங்கள் பகல் குறைந்தாலும் ஓரளவு தாக்குப்பிடிக்கும். பழைய இனங்கள் இரண்டாம் வருடத்திலிருந்து நவம்பரில் கடையைச் சாத்திவிடும்.

அடுத்தது ஒழுங்கு. தினமும் அதே நேரத்தில், அதே அளவில் வெளிச்சம் வருமா? நடுவில் நாலு நாள் நின்றுபோனால் கோழியின் உடம்பு அதைக் குளிர்காலம் வந்துவிட்டதாக எடுத்துக்கொண்டு, நடுக்குளிரில் இறகை உதிர்க்க ஆரம்பிக்கும். விளக்கே போடாமல் இருந்ததைவிட இது மோசம்.

அப்புறம் தீ, மின்சார ஆபத்து. மரக்கூடு, உலர்ந்த வைக்கோல், இறகுத் தூசி, ஒட்டடை எல்லாம் சேர்ந்த இடம் அது. கடைசியாக மறைந்திருக்கும் செலவுகள்: எலி, நரி, பக்கத்து வீட்டுக்காரர். மின்கட்டணத்தை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை. 5 வாட் எல்இடி நாளுக்கு ஆறரை மணி நேரம் வீதம் ஆறு மாதம் எரிந்தாலும் ஆறு யூனிட்டைத் தாண்டாது. இங்குள்ள விலையில் அது இரண்டு பவுண்டுக்குள் முடிந்துவிடும்.

வழி 1: விளக்கே வேண்டாம்

என் ஓட்டு பெரும்பாலான வீடுகளுக்கு இதற்குத்தான். இலையுதிர்காலத்தில் கோழி பழைய இறகை உதிர்த்துப் புதிது வளர்க்கிறது. இறகில் 85 சதவீதம் போலப் புரதம். இரண்டு மூன்று மாதம் உடம்பு அந்த வேலையில் இருக்கும்போது முட்டைக்கும் சேர்த்துப் புரதம் கேட்டால் இரண்டும் அரைகுறையாகும். ஒவ்வொரு முட்டையின் ஓட்டிலும் இரண்டு கிராம் அளவுக்குச் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது. தீவனத்தில் போதாததை எலும்பிலிருந்துதான் எடுக்கும். ஓய்வு என்பது எலும்புக்கும்தான்.

பண்ணையிலிருந்து மீட்கப்பட்ட கோழிகளை வைத்திருப்பவர்கள் இந்த வழியைவிட்டு வேறெதையும் யோசிக்கவே வேண்டாம். பிரிட்டிஷ் ஹென் வெல்ஃபேர் டிரஸ்ட் போன்ற அமைப்புகள் மூலம் வரும் இந்தக் கோழிகளுக்குப் பெரும்பாலும் ஒன்றரை வயது. அதற்குள்ளேயே முந்நூறு முட்டை போல இட்டு முடித்திருக்கும். வயிற்றுக்குள் முட்டை உடைந்து அழற்சி ஆவது, குதம் வெளியே தள்ளுவது, சூலகப் புற்றுநோய் எல்லாம் இவற்றுக்கு அதிகம் வரும் தொல்லைகள். மனிதர்களின் சூலகப் புற்றுநோயை ஆராயவே கோழியைத்தான் மாதிரியாக வைக்கிறார்கள்.

இந்த வழியின் மறைமுகச் செலவு தீவனம். ஒரு கோழி நாளுக்கு 120 கிராம் தின்னும். நாலு கோழிக்கு 20 கிலோ மூட்டை ஆறு வாரம் வரும். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை மூன்று மூட்டை தின்றுவிட்டு ஒன்றும் தராமல் நம்மைப் பார்த்துக்கொண்டு நிற்கும். அந்தப் பார்வையைத் தாங்க வேண்டும். மிஞ்சிய சோறு, இட்லி போட்டுத் தீவனச் செலவைக் குறைக்கலாம் என்று நினைக்காதீர்கள். பிரிட்டனில் வீட்டுச் சமையலறை வழியாக வந்த எதையும் கோழிக்குப் போடுவது சட்டப்படி தவறு; இறைச்சி, பால், முட்டை எதுவும் நுழையாத முழு வீகன் வீட்டுக்கு மட்டும்தான் விலக்கு. தோட்டத்திலிருந்து நேராகப் பறித்த கீரை, முட்டைக்கோஸ் தாராளமாகப் போடலாம்.

முட்டையில்லாத மாதங்களைச் சமாளிக்க மே, ஜூனில் குவியும் முட்டையை உறையவைப்பதே எளிய வழி. வெள்ளையையும் மஞ்சளையும் அடித்துக் கலந்து, ஒரு சிட்டிகை உப்பு போட்டு, ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்துப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். உப்பு எதற்கென்றால், மஞ்சள் கரு உறைந்தபின் களிபோல் கெட்டிப்படாமல் இருக்க. ஆம்லெட்டுக்கும் முட்டைப் பொரியலுக்கும் தாராளம். அவித்த முட்டை மட்டும் வராது.

வழி 2: வீட்டு மின்சாரத்தில் எல்இடியும் டைமரும்

விளக்கு போடுவதென்று முடிவு செய்துவிட்டால் இதுதான் சரியான வழி. காரணம் ஒன்றே ஒன்று: தினமும் தவறாமல் எரியும்.

பெரிய வெளிச்சம் தேவையில்லை. கோழி உட்காரும் கம்பின் உயரத்தில் 5 முதல் 10 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) இருந்தால் போதும். அந்த இடத்தில் செய்தித்தாளைப் பிடித்தால் எழுத்து தெரிய வேண்டும், அவ்வளவே. நாலு கோழிக் கூட்டுக்கு 3 முதல் 5 வாட் எல்இடி தாராளம். முட்டையிடும் பெட்டிக்குள் வெளிச்சம் நேராக விழக்கூடாது. பெட்டை இருட்டான மூலையைத்தான் தேடும்.

எப்போது எரியவிடுவது என்பதில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். வெளிச்சத்தைக் காலையில்தான் கூட்ட வேண்டும் என்று எல்லாக் கையேடுகளும் சொல்லும். மாலையில் எரிந்துகொண்டிருந்த விளக்கு சட்டென்று அணைந்தால், தரையில் நிற்கும் கோழி கம்பு எங்கே என்று தெரியாமல் அங்கேயே குந்திவிடும். இருட்டில் அதற்குக் கண் அவ்வளவாகத் தெரியாது. சரி, காலையில் என்றால் எத்தனை மணிக்கு? டிசம்பரில் லண்டன் கோழி மாலை நாலேகால் வாக்கில் கூடடையும். அதிலிருந்து 14 மணி நேரம் பின்னால் எண்ணுங்கள்: அதிகாலை இரண்டேகால்! தெற்கே, பகல் இவ்வளவு குறையாத ஊர்களுக்கு எழுதிய ஆலோசனையை இங்கே அப்படியே எடுத்தால் வரும் வினை இது.

அந்த நேரத்தில் விளக்கு எரிந்தால் என்னென்ன நடக்கும் என்று பாருங்கள். கோழிகள் விழித்துக்கொள்ளும்; கூட்டுக்குள் தீவனமும் தண்ணீரும் இல்லாவிட்டால் சலிப்பில் ஒன்றையொன்று கொத்தும். உள்ளே தீவனம் வைத்தால் எலி வரும். எலி வந்தால் முதலில் கடிப்பது நீங்கள் இழுத்த ஒயரைத்தான். சேவல் இருந்தால் இரண்டேகாலுக்குக் கூவும். அதற்குப் பிறகு பக்கத்து வீட்டுக்காரர் உங்களுடன் பேசமாட்டார். இதையெல்லாம்விட ஆபத்தானது தானியங்கிக் கதவு. ஒளியை உணர்ந்து திறக்கும் கதவென்றால், உணரி இருக்கும் இடத்தில் உங்கள் விளக்கின் வெளிச்சம் பட்டால் பொழுது விடிந்துவிட்டதென்று அது திறந்துகொள்ளும். வெளியே லண்டன் நரி. இந்தக் கதவு வைத்திருப்பவர்கள் விளக்கு போடும் முன் அதைக் கடிகார முறைக்கு மாற்றிவிட வேண்டும்.

நடைமுறையில் பிரித்துக்கொள்வதே மேல். அதிகாலை ஐந்திலிருந்து விடியும்வரை ஒரு பகுதி, மாலை மூன்றரையிலிருந்து ஏழு வரை இன்னொரு பகுதி. மாலைப் பகுதியின் கடைசி அரை மணிக்கு, பெரிய விளக்கு அணைந்தபின்னும் எரியும்படி மிக மங்கலான இன்னொரு விளக்கைத் தனி டைமரில் வைத்தால் கோழிகள் நிதானமாகக் கம்பேறிவிடும். படிப்படியாக மங்கும் எல்இடியும் கடைகளில் கிடைக்கிறது.

14 மணி நேரத்துக்கு ஒரேயடியாகத் தாவாதீர்கள். வாரத்துக்கு அரை மணி நேரம் வீதம் கூட்டுங்கள். முட்டை மறுநாளே வராது. சூலகம் தயாராக இரண்டு மூன்று வாரம், சில கோழிகளுக்கு ஒரு மாதம்கூட ஆகும். இறகு உதிர்த்துக்கொண்டிருக்கும் கோழிக்கு விளக்கு போடவே கூடாது. புது இறகு முழுதாக முளைக்கட்டும். அதேபோல நாலு மாதம்கூட ஆகாத இளம்பெட்டைக்கும் கூடாது. உடம்பு முற்றும் முன்னே முட்டையிடத் தொடங்கினால் குதம் தள்ளும்.

ஆரம்பச் செலவு பல்பிலும் டைமரிலும் இல்லை, மின்சாரத்தைக் கூடுவரை கொண்டுபோவதில் இருக்கிறது. ஜன்னல் இடுக்கு வழியாக எக்ஸ்டென்ஷன் ஒயரை இழுத்து ஈரப்புல்லில் கிடத்துவதைப் பல தோட்டங்களில் பார்க்கலாம். வேண்டாம். வெளிப்புறச் சாக்கெட், மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிடி பாதுகாப்பு, தண்ணீரும் தூசியும் புகாத ஐபி65 உறையில் விளக்கு, கிளிப்பில் தொங்காமல் திருகாணியில் இறுக்கிய பிடிமானம், கோழியின் அலகுக்கும் எலியின் பல்லுக்கும் எட்டாதபடி குழாய்க்குள் போன ஒயர். இத்தனையும் வேண்டும். புதிய மின்சுற்று போட எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டால், அந்தக் கூலியில் இரண்டு குளிர்காலத்துக்குக் கடை முட்டை வாங்கலாம். வீட்டோடு ஒட்டிய கூடு, ஏற்கெனவே மின்சாரம் உள்ள ஷெட் என்றால் கணக்கே வேறு. அங்கே இந்த வழி மலிவு.

இன்னொன்று: உடையாத பல்பு என்று விற்கப்படுபவற்றில் சிலவற்றுக்கு டெஃப்லான் பூச்சு உண்டு. அது சூடேறும்போது வரும் புகை பறவைகளைக் கொன்றுவிடும். உறையில் டெஃப்லானின் மறுபெயரான பிடிஎஃப்இ (PTFE) என்ற எழுத்து இருந்தால் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

வழி 3: சோலார், பேட்டரி விளக்கு

ஒயர் இல்லை, எலக்ட்ரீஷியன் இல்லை, தீ பயம் குறைவு. பார்க்க இதைவிட அருமையான தீர்வு இருக்காது. சிக்கல் என்னவென்றால், விளக்கு அதிகம் தேவைப்படும் மாதத்தில்தான் சூரியன் குறைவு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 3 வாட் விளக்கு ஆறு மணி நேரம் எரிய 18 வாட்-மணி வேண்டும். நிழலே விழாமல், தெற்கு நோக்கி நல்ல சாய்வில் வைத்த 10 வாட் தகடு, தெற்கு இங்கிலாந்தில் டிசம்பர் மாதம் நாளுக்குச் சராசரியாகத் தருவது 10 வாட்-மணி போலத்தான். அதுவும் சராசரி, வானம் மூடிக் கிடக்கும் வாரத்தில் இன்னும் கீழே. நம் தோட்டங்களில் வேலியும் பக்கத்து வீட்டுச் சுவரும் பாதி நாளை விழுங்கிவிடும். போதாக்குறைக்கு, லித்தியம் பேட்டரியைப் பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்தால் கெட்டுப்போகும். ஆக, கடையில் ஷெட் விளக்கு என்று விற்கும் சின்ன சோலார் செட் அக்டோபரில் ஜம்மென்று எரிந்து, டிசம்பர் நடுவில் இரவுக்கு இரவு குறைந்து நின்றுபோகும். கோழிக்கு இதைவிடக் கெட்ட அட்டவணையை வேண்டுமென்றே போட்டாலும் போட முடியாது.

தூரத்தில் உள்ள வாடகைத் தோட்டத்தில், மின்சாரமே இல்லாத இடத்தில் கூடு இருந்தால் 40, 50 வாட் தகடும் அதற்கேற்ற பேட்டரியும் வாங்கலாம். அல்லது இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளை வைத்துக்கொண்டு வீட்டில் மாற்றி மாற்றிச் சார்ஜ் செய்யலாம். இரண்டாவது வழி அலுப்பானது, ஆனால் நம்பகமானது. சபரிமலைக்கோ கலியாணத்துக்கோ மூன்று வாரம் ஊருக்குப் போகும் வீடென்றால், அந்த நாட்களில் யார் பேட்டரி மாற்றுவார்கள் என்பதையும் இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

வழி 4: வருடாவருடம் இரண்டு இளம்பெட்டை

மார்ச், ஏப்ரலில் பொரித்த பெட்டை ஐந்து மாதத்தில், அதாவது ஆகஸ்ட், செப்டம்பரில் முட்டைக்கு வரும். முதல் வருடம் முழு இறகுதிர்ப்பு இல்லாததால் குளிர்காலத்தில் ஓரளவு இட்டுக்கொண்டே இருக்கும். ஆகவே மூத்த கோழிகள் ஓய்வெடுக்கும் நேரத்தில் இளசுகள் வீட்டுத் தேவையைப் பார்த்துக்கொள்ளும். விளக்கைவிட இது இயல்பான வழி.

செலவு எங்கே ஒளிந்திருக்கிறது? புதுக் கோழியைப் பழையதோடு சேர்ப்பதில். கம்பிவலைக்கு இருபுறமும் வைத்து இரண்டு வாரமாவது பழக்க வேண்டும். இல்லாவிட்டால் கொண்டையில் ரத்தம் பார்க்க நேரும். கூட வரும் பேன், சளி நோய்க்கும் தனியே வைப்பது நல்லது. பிறகு எண்ணிக்கை. கோழி ஆறேழு வருடம் வாழும். ஊரில் என்றால் விருந்தாளி வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையில் கணக்கு நேராகிவிடும்; பெயர் வைத்துப் பிள்ளைகள் தூக்கிக் கொஞ்சும் கோழியை இங்கே யார் குழம்பு வைப்பது? நாலு ஆறாகும், ஆறு எட்டாகும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2024 அக்டோபர் 1 முதல் ஒரே ஒரு கோழி வைத்திருந்தாலும் பதிவு செய்வது கட்டாயம் என்பதால், எண்ணிக்கை மாறும்போது அந்தப் பதிவையும் கவனிக்க வேண்டும்.

வெப்ப விளக்கு?

இதை ஒரு வழியாகவே நான் எண்ணவில்லை. 250 வாட் சிவப்பு பல்பைத் தொங்கவிட்டு வெளிச்சமும் சூடும் ஒன்றாகக் கிடைக்கும் என்பார்கள். வளர்ந்த கோழிக்கு இறகே போதும். அதற்கு வேண்டியது காற்றோட்டமும் ஈரமில்லாத தரையும். வைக்கோலுக்கு மேல் தொங்கும் அந்த பல்பு விழுந்தால் கூடு முழுவதும் போய்விடும்.

| வழி | கைச்செலவு | மறைந்த செலவு | யாருக்கு |
|---|---|---|---|
| விளக்கில்லை | ஒன்றுமில்லை | மூன்று நாலு மாதத் தீவனம் | மீட்கப்பட்ட, வயதான கோழிகள். முட்டை அவசரமில்லாத வீடு |
| மின்சார எல்இடி | கூட்டின் தூரத்தைப் பொறுத்து | எலி, தானியங்கிக் கதவு, அயலவர் | இரண்டு மூன்று வயதுக் கோழி, அருகில் மின்சாரம், ஒழுங்காக நடத்தக்கூடியவர் |
| சோலார் | நடுத்தரம் | டிசம்பரில் நின்றுபோவது | மின்சாரமே இல்லாத இடம், பெரிய தகடு வாங்கத் தயார் |
| இளம்பெட்டை | பெட்டைக்கு 20, 30 பவுண்டு | இடம், சண்டை, கூடும் எண்ணிக்கை | கூட்டில் இடம் உள்ளவர் |

முடிவு எடுக்கும் காலம்

நவம்பரில் முட்டை நின்றபிறகு ஓடிப்போய் விளக்கு வாங்குவதுதான் வழக்கம். இடைவெளியே இல்லாமல் முட்டை வேண்டுமென்றால் பகல் 14 மணி நேரத்தைவிட்டு இறங்கும் ஆகஸ்ட் கடைசியிலேயே தொடங்கியிருக்க வேண்டும். தவறிவிட்டால் அவசரப்படாதீர்கள், இறகு உதிர்த்து முடிக்கட்டும், ஜனவரியில் தொடங்கலாம். எனக்கு இதுதான் நடுவழியாகப் படுகிறது: கோழிக்கு இரண்டு மாத ஓய்வும் கிடைக்கும், கொஞ்சம் முன்னதாகவே முட்டையும் வரும்.

பறவைக் காய்ச்சலுக்காகக் கோழிகளைக் கூரைக்குள் அடைக்கச் சொல்லும் ஆணை வந்தால் (2021-22, 2022-23 குளிர்காலங்களில் வந்தது) பகல் வெளிச்சமே குறைந்துபோகும். கூரைக்குத் தகரம் போடாமல் ஒளி ஊடுருவும் பாலிகார்பனேட் தகடு போடுங்கள். கூட்டின் உட்சுவருக்குச் சுண்ணாம்பு அடியுங்கள். இது பகலை நீட்டாது, இருக்கும் பகலை வீணாக்காமல் இருக்க உதவும்.

விளக்கைத் தொடங்கியவர்கள் அணைக்கும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். மார்ச்சில் இரண்டு நாள் வெயில் அடித்ததும் டைமரைக் கழற்றக்கூடாது. லண்டனில் இயற்கைப் பகல் 14 மணி நேரத்தைத் தொடுவது ஏப்ரல் மூன்றாம் வாரத்தில். வடக்கே அதற்குச் சில நாள் முன்னதாக. அதுவரை விளக்கு எரியட்டும். நடுவில் பல்பு போனால் அன்றே மாற்ற, அலமாரியில் இன்னொன்று இருக்கட்டும்.